யாரிடம், எதை, எப்போது கேட்பது: உதவித்தொகை விண்ணப்பமும் பல்கலைக்கழகமும்

உதவித்தொகைகளின் பெயர்களும் தகுதிகளும் முந்தைய அத்தியாயத்தில் வந்துவிட்டன. ரோட்ஸ், ஃபுல்பிரைட், செவனிங், காமன்வெல்த், எராஸ்மஸ் முண்டுஸ் என எதற்கு விண்ணப்பித்தாலும் விண்ணப்பத்தில் பாதிதான் உங்கள் கையில் இருக்கிறது. ஆசிரியர் எழுத வேண்டிய கடிதம், தேர்வுத் துறை தர வேண்டிய மதிப்பெண் விவரம், துறைத்தலைவரின் கையெழுத்து, ரேங்க் சான்றிதழ் எல்லாம் பல்கலைக்கழகத்தின் கையில். அந்த மறுபாதியை வாங்குவது எப்படி என்பதற்குத்தான் இந்த அத்தியாயம்.

கல்லல் சுற்றுவட்டாரப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ரயிலேறித் தேவகோட்டை ரஸ்தாவைத் தாண்டிக் காரைக்குடியில் இறங்கி அழகப்பா பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகிறவர்கள் ஒரு வகை. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் படிப்பவர்கள் இன்னொரு வகை. காரைக்குடியிலேயே இருக்கும் அரசு பொறியியல் கல்லூரியிலும், சிக்ரி எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் பி.இ., பி.டெக். படிப்பவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தோடு தொடர்பு. உங்கள் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பதை அதுதான் முடிவு செய்யும்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே பல பல்கலைக்கழகங்களில் தனி அலுவலகம் உண்டு. அந்நாட்டு மாணவர் ரோட்ஸ் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் அவருடைய கல்லூரி ஒப்புதல் கடிதம் தர வேண்டும். ட்ரூமன் உதவித்தொகைக்கு ஒரு நிறுவனம் பொதுவாக நான்கு பேரைத்தான் முன்மொழியலாம். அதனால் கல்லூரிக்குள்ளேயே ஒரு போட்டி நடக்கும். ஆலோசகர்கள் மாதக்கணக்கில் மாணவரைத் தயார் செய்வார்கள். இந்திய மாணவர் ரோட்ஸுக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். கல்லூரியின் அனுமதி வேண்டாம் என்பது வசதி. ஆனால் அனுமதி தர வேண்டிய அவசியம் இல்லாததால் உதவி செய்ய வேண்டிய கட்டாயமும் கல்லூரிக்கு இல்லாமல் போய்விட்டது. சர்வதேச விவகாரங்களுக்கு ஓர் அலுவலகமும் முன்னாள் மாணவர் தொடர்புப் பிரிவும் அமைக்குமாறு 2021 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தப் பலகை தொங்கும் அறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆனால் அங்கேயே எல்லாம் முடிந்துவிடும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். நம் ஊரில் உதவி நாலைந்து மேஜைகளில் பிரிந்து கிடக்கிறது. ஒரு மேஜையிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க வேண்டியவர் நீங்கள்தான்.

1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் செய்தது

ஒரு பல்கலைக்கழகம் நினைத்தால் என்னென்ன செய்ய முடியும் என்பதற்கு நம்மிடம் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. மேதையின் கதையாகவே அதைக் கேட்டுப் பழகிவிட்டோம். அலுவலகக் கோப்பின் கதையாகவும் ஒருமுறை பார்க்கலாம்.

ராமானுஜன் அப்போது சென்னைத் துறைமுகக் கழகத்தில் கிளார்க். பட்டம் இல்லை. 1913 பிப்ரவரியில் வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகக் கழகத்துக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர் அவர். ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தை அவரிடம் காட்டினார்கள். மறுநாளே அவர் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். ராமானுஜனின் கடிதத்துக்குக் கேம்பிரிட்ஜிலிருந்து கணிதவியலாளர் ஹார்டி எழுதிய பதிலும் கையில் இருந்தது. ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்குத்தான் என்று விதி இருந்தும், பட்டமே இல்லாதவருக்கு மே 1 முதல் மாதம் 75 ரூபாய் என முடிவானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. ராமானுஜனும் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

மறு ஆண்டு, சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்த கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் நெவில் பதிவாளருக்கு எழுதிய கடிதமும், துறைமுகக் கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆளுநர் வட்டாரம் வரை எடுத்த முயற்சியும் சேர்ந்தன. இங்கிலாந்தில் ஆண்டுக்கு 250 பவுண்டு, கப்பல் செலவு, உடைச் செலவு எல்லாம் கிடைத்தன. அந்தத் தொகையிலிருந்தே கும்பகோணத்தில் இருந்த குடும்பத்துக்கு மாதம் 60 ரூபாய் போகும்படியும் ஏற்பாடானது. 1914 மார்ச் 17இல் கப்பல் புறப்பட்டது.

இதில் உங்களுக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத பல்கலைக்கழகக் கமிட்டி தானாக எழுந்து வந்து உதவவில்லை. துறைமுகத்தில் உடன் வேலை பார்த்த நாராயண ஐயரில் தொடங்கி, வேலையை நேரில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் பேனாவை எடுத்தார்கள். கமிட்டிக்கு விதியைத் தளர்த்தும் தைரியம் அந்தக் கடிதங்களிலிருந்து வந்தது. இன்றைய விண்ணப்பத்திலும் கனமான பகுதி அதுதான்.

ரெகமண்டேஷன் லெட்டர்

செட்டிநாட்டுக்காரர்களுக்கு உண்டியல் என்றால் புரியும். ரங்கூனில் எழுதிய தாளுக்கு இங்கே பணம் கிடைத்தது தாளுக்காக இல்லை, எழுதியவரின் பெயருக்காக. பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். ஆசிரியர் தன் பெயரைப் பணயம் வைத்து எழுதுகிறார். அதனால் அவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததைச் சொல்ல அவரிடம் விவரமும் இருக்க வேண்டும்.

நம் கல்லூரிகளில் எழுதப்படும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு: நல்ல மாணவர், ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருவார், கடின உழைப்பாளி, வாழ்த்துகள். தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு இதில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. அவர் தேடுவது வேறு. இந்த மாணவர் எந்தக் கேள்வியை எழுப்பினார்? எந்தப் பரிசோதனை தோற்றபோது என்ன செய்தார்? இத்தனை ஆண்டில் இந்த ஆசிரியர் பார்த்த மாணவர்களில் இவர் எந்த இடத்தில் நிற்கிறார்? இதை எழுத முடிந்தவர் உதவிப் பேராசிரியராக இருந்தாலும் போதும். உங்களை முகம் பார்த்துக்கூட அறியாத துணைவேந்தரின் லெட்டர்ஹெட்டைவிட, உங்கள் புராஜெக்டை வரி வரியாகத் திருத்திய மேடத்தின் கடிதம் மேல். எம்.எல்.ஏ., ஊர்ப் பெரியவர், கோயில் அறங்காவலர் ஆகியோரின் கடிதங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும்.

கேட்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். குறைந்தது ஒரு மாதம் கொடுங்கள். நேரில் போங்கள். போகும்போது ஒரு ஃபைல் எடுத்துச் செல்லுங்கள். அதில் மதிப்பெண் பட்டியலின் நகல், உங்கள் பயோடேட்டா, உதவித்தொகை எதைத் தேடுகிறது என்ற அறிவிப்பின் பிரதி, நீங்கள் எழுதிய கட்டுரையின் வரைவு, அந்த ஆசிரியரிடம் நீங்கள் செய்த வேலைகளைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எல்லாம் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பை மட்டும் பொறுமையாக எழுதுங்கள். மூன்றாம் செமஸ்டரில் நீங்கள் எடுத்த செமினார் உங்களுக்கு நினைவிருக்கும். அறுபது பேருக்கு வகுப்பெடுத்தவருக்கு இருக்காது.

அடுத்து வரும் சிக்கல் எல்லாருக்கும் தெரிந்தது. "நீயே எழுதிட்டு வாப்பா, சைன் போட்டுத் தர்றேன்" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான், வேலைப்பளுவும் உண்டு. ஆனால் உங்கள் கட்டுரையும் உங்களைப் பற்றிய இரண்டு கடிதங்களும் ஒரே கை எழுதியதாகத் தெரிந்தால் குழு உடனே கண்டுபிடித்துவிடும். அடுத்தவர் பெயரில் எழுதுவது நேர்மையும் ஆகாது. மறுத்துப் பேசவும் முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், நான் எழுதினா என் நடை காட்டிக்கொடுத்துடும் சார். நீங்க எழுதுறதுக்கு வசதியா குறிப்பு மட்டும் வரிசையா கொடுத்திருக்கேன். நாலு பத்தி போதும் சார்." குறிப்பு நன்றாக இருந்தால் பெரும்பாலானவர்கள் எழுதித் தந்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் ஆசிரியராக இருந்தால், அவர் தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கிலத் துறை ஆசிரியர் ஒருவர் எழுத உதவலாம். அந்த ஏற்பாட்டை அவர்களுக்குள் செய்துகொள்ளட்டும், நீங்கள் நடுவில் நிற்க வேண்டாம்.

இன்னொரு சிறு விஷயம் பலரைத் தடுக்கி விழச் செய்கிறது. பல விண்ணப்பத் தளங்கள் பரிந்துரைப்பவரின் நிறுவன மின்னஞ்சலைக் கேட்கும். இணைப்புக் கல்லூரி ஆசிரியர்கள் பெரும்பாலும் ஜிமெயிலில்தான் இருக்கிறார்கள். கல்லூரி முகவரியில் ஒரு மின்னஞ்சல் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் லெட்டர்ஹெட், முத்திரை, தொலைபேசி எண்ணோடு கடிதம் வேண்டும். தளத்திலிருந்து அவருக்குப் போகும் மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்து கிடக்கும். அனுப்பிய அன்றே போன் செய்து, "சார், ஸ்பேம்ல இருக்கான்னு ஒரு தடவை பாருங்க" என்று சொல்லிவிடுங்கள்.

தேர்வாணையர் அலுவலகம்

எல்லாரும் சி.ஓ.இ. ஆபீஸ் என்று அழைக்கும் இடம். இங்கே வாங்க வேண்டியவை டிரான்ஸ்கிரிப்ட், ரேங்க் சான்றிதழ், பயிற்றுமொழிச் சான்று. போனஃபைடு உங்கள் துறையிலோ கல்லூரியிலோ கிடைக்கும். டிரான்ஸ்கிரிப்டுக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பித்த பிறகு எத்தனை நாள் ஆகும் என்பதைக் கவுன்டரிலேயே கேட்டு, அதற்கு இரட்டிப்பாக நாள் ஒதுக்குங்கள். பட்டமளிப்பு விழாக் காலத்திலும் தேர்வு முடிவுக் காலத்திலும் அங்கே யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. சில வெளிநாட்டு நிறுவனங்கள் முத்திரையிட்ட உறையில் கேட்கும், சில பல்கலைக்கழகமே நேரடியாக மின்னஞ்சல் செய்ய வேண்டும் என்னும். எது வேண்டும் என்பதைப் படித்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

அதற்கும் முன்னால் உங்கள் பெயரைப் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் பெரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். டிரான்ஸ்கிரிப்டில் இன்னோர் எழுத்து கூடியிருக்கும். நான்கும் ஒரே ஆள் என்று ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் முழுவதும் அதே பெயர் வரட்டும். பல்கலைக்கழக ஆவணத்தில் பிழை இருந்தால் படிக்கும்போதே திருத்தக் கொடுங்கள். படிப்பு முடிந்து வெளியே வந்தபின் அது இன்னும் நீண்ட வேலை.

ரேங்க் சான்றிதழைப் பதக்கத்தோடு சேர்த்துச் சட்டம் போட்டு மாட்டுவதற்கான தாளாக நினைக்கிறவர்கள் உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் ஆராய்ச்சி உதவித்தொகை முதுநிலை அறிவியலில் பல்கலைக்கழக முதல் ரேங்க் பெற்றவர்களுக்கு வாய்ப்புத் தருகிறது. அங்கே அந்தத் தாள்தான் நுழைவுச் சீட்டு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எல்லாத் தாள்களையும் முதல் முயற்சியிலேயே தேறியவர்களைத்தான் ரேங்குக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஓர் அரியர் இருந்தாலும் சதவீதம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பெயர் பட்டியலில் வராது. அறக்கட்டளைப் பதக்கங்களுக்குத் தனித் தனி விதிகள் உண்டு. ஒரு பாடத்தில் அதிக மதிப்பெண் போதும் என்று இருப்பவையும் உண்டு. பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

மூன்று வருட பி.எஸ்சி., பி.ஏ. முடித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகை அமெரிக்காவின் நான்காண்டுப் பட்டத்துக்கு இணையான படிப்பைக் கேட்கிறது. மூன்றாண்டுப் பட்டம் மட்டும் இருந்தால் போதாது, முதுகலையோ முழுநேர முதுநிலைப் பட்டயமோ முடித்திருக்க வேண்டும். அதோடு மூன்றாண்டு வேலை அனுபவம். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான ஃபுல்பிரைட்-நேரு வேறு: இந்தியப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து குறைந்தது ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். இங்கே உங்கள் நெறியாளரின் துணை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அமெரிக்கப் பேராசிரியருக்கு நீங்கள் எழுதும் மின்னஞ்சலில் நெறியாளரின் பெயரும் நகலும் இருந்தால் பதில் வரும் வாய்ப்பு கூடும்.

பக்கத்து ஊரில் இருக்கும் ஆய்வகம்

மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது தற்செயலாக அல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். மின்கலம், அரிப்புத் தடுப்பு போன்ற துறைகளில் நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் தேடி வரும் இடம், கல்லலிலிருந்து பார்த்தால் பக்கத்து ஊர். வேதியியலோ இயற்பியலோ படிக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளில் பலர் அதன் மதில் சுவரைப் பேருந்திலிருந்து பார்த்ததோடு சரி.

புராஜெக்ட் செமஸ்டர் வருவதற்கு முன்பே துறைத்தலைவரின் கடிதத்தோடு அங்கே விண்ணப்பியுங்கள். இடம் கிடைத்தால் ஒரு விஞ்ஞானி உங்கள் வேலையை மாதக்கணக்கில் நேரில் பார்ப்பார். மேலே சொன்ன பரிந்துரைக் கடிதத்தை எழுதக்கூடியவர் ஒருவர் அப்படி உருவாவார். இளங்கலையிலேயே தொடங்க இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டம் நல்ல வாசல். விண்ணப்பம் பொதுவாக நவம்பர் வாக்கில் முடியும். ஓர் ஆசிரியரின் பரிந்துரையும் நீங்கள் எழுதும் ஒரு சிறு குறிப்பும் போதும். பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை உண்டு. அதற்குக் கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். முதலாண்டிலேயே அந்த ஆண்டின் அறிவிப்பு வந்துவிட்டதா என்று பாருங்கள்.

மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000. வெளிநாட்டுப் பெயர்களின் பளபளப்பில் இவற்றைக் கீழாக நினைக்காதீர்கள். இங்கே இரண்டாண்டு நல்ல ஆராய்ச்சி செய்துவிட்டு வெளியே விண்ணப்பிப்பவர், நேராக விண்ணப்பிப்பவரைவிடப் பெரும்பாலும் ஒரு படி மேலே நிற்கிறார்.

கட்டுரையும் நேர்காணலும்

ரோட்ஸ் தனிப்பட்ட கட்டுரையை வேறு யாரும் எழுதவில்லை, திருத்தவில்லை என்று நீங்களே உறுதிமொழி தர வேண்டும். அங்கே ஆசிரியரின் உதவி பேச்சோடு நின்றுவிட வேண்டும். மற்றவற்றுக்குப் படித்துப் பார்க்க ஆள் தேடலாம். உங்கள் பாடம் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். வரலாற்றுத் துறை ஆசிரியருக்குப் புரியாத வேதியியல் கட்டுரை தேர்வுக் குழுவுக்கும் புரியாது.

செவனிங் நான்கு கட்டுரைகள் கேட்கிறது. தலைமைத்துவம், தொடர்புகளை வளர்த்தல், ஏன் பிரிட்டனில் படிப்பு, பிறகு என்ன செய்யப்போகிறீர்கள் என்று. 2,800 மணி நேர வேலை அனுபவமும் தேவை. தலைமைத்துவம் என்றதும் நம் பிள்ளைகள் கையைப் பிசைகிறார்கள். என்.எஸ்.எஸ். முகாமில் தண்ணீர் ஏற்பாட்டைக் கவனித்தது, அம்மாவின் மகளிர் குழுக் கணக்கைக் கணினியில் ஏற்றிச் சண்டையைத் தீர்த்தது, பள்ளிக்கூட நூலகத்தைத் திறக்க வைத்தது இவையெல்லாம் அதில் சேரும். என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவில் என்ன மாறியது என்று நேராக எழுதுங்கள். ஏழ்மையை மட்டும் எழுதி இரக்கத்தில் இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

நேர்காணலுக்குப் பயிற்சி கேட்டால் எந்தத் துறையும் மறுக்காது. வேறு துறை ஆசிரியர்கள் இருவர், வெளியே வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர் என மூன்று பேரை உட்கார வையுங்கள். ஒத்திகையைப் போனில் பதிவு செய்து நீங்களே கேளுங்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் மனப்பாடம் செய்த ஆங்கிலப் பதிலோடு போகிறார்கள். கேள்வி ஓர் அங்குலம் விலகினாலும் சரிந்துவிடுகிறது. பதிலைத் தமிழில் யோசித்துத் தெளிவாக்கிக்கொண்டு, சிறு சிறு ஆங்கில வாக்கியமாகச் சொல்லப் பழகுங்கள். உச்சரிப்புக்கு மதிப்பெண் இல்லை.

பணம்

இங்கே பல்கலைக்கழகத்தின் பங்கு குறைவு, அரசு அலுவலகத்தின் பங்கு அதிகம். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. பெரும்பகுதி பட்டியல் சாதி மாணவர்களுக்கு, மீதி சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு. குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் உண்டு. ஜே.என். டாட்டா அறக்கட்டளை 1892 முதல் கடன் உதவித்தொகை தருகிறது, முன்னாள் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் லண்டனில் படித்தது அதன் துணையில்தான். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் இப்போதே எடுத்து வையுங்கள். வருமானச் சான்று பழையதாகிவிட்டால் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும்.

காலக் கணக்கு இதுதான். ரோட்ஸ் இந்திய விண்ணப்பம் ஜூன், ஜூலையில் ஓடும். செவனிங் ஆகஸ்டில் திறக்கும். எராஸ்மஸ் முண்டுஸ் படிப்புகள் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்தத் தளத்தில் சரிபாருங்கள். விண்ணப்பம் திறக்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, மூன்று மாதம் முன்பே டிரான்ஸ்கிரிப்டுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும், இரண்டு மாதம் முன்பே ஆசிரியரிடம் பேசியிருக்க வேண்டும். இந்த ஆண்டு விண்ணப்பிக்கப்போகிறவர் என்றால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் பாஸ்போர்ட்டையும் மதிப்பெண் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபாருங்கள். பிழை இருந்தால் நாளைக்கே சி.ஓ.இ. ஆபீஸுக்குக் கிளம்புங்கள்.